துணை டி செல்லின் ஒப்புதல்

துணை டி செல் இரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை. கிருமியை விழுங்கிச் செரிக்கும் வேலை அதற்கு இல்லை. எதிர்ப்பொருள் சுரக்கும் வேலையும் இல்லை. இவற்றைச் செய்ய வேறு செல்கள் இருக்கின்றன. அந்தச் செல்கள் எப்போது முழு வேகத்தில் இறங்கலாம், எந்தக் கிருமிக்கு எந்த ஆயுதத்தை எடுக்கலாம் என்று முடிவாவது துணை டி செல்லிடம். 'துணை' என்ற பெயர் அதன் பங்கைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. கோப்பு தயாராகி மேசைமேல் கிடந்தாலும் கையெழுத்து விழாமல் நகராது. அதுபோல, நோய் எதிர்ப்பின் முக்கியமான வேலைகள் பல இந்தச் செல்லின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கின்றன.

பெயர் வந்த கதை சுண்டெலிகளிலும் கோழிகளிலும் தொடங்குகிறது. மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருக்கும். பருவம் எய்திய பிறகு சுருங்கிக் கொழுப்பாக மாறத் தொடங்கும். 1960 வரை அது எதற்கு இருக்கிறது என்று மருத்துவத்துக்குத் தெரியாது. வெள்ளையணுக்கள் செத்து ஒழியும் இடுகாடு என்றுகூடச் சிலர் கருதினார்கள். 1961-ல் லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்த உடனேயே சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அந்தக் குட்டிகளின் இரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் குறைந்தன. தொற்றுகள் எளிதில் பற்றின. வேறோர் இனச் சுண்டெலியின் தோலை ஒட்டவைத்தால் உடல் அதைத் தள்ளாமல் ஏற்றுக்கொண்டது. இடுகாடு என்று நினைத்த இடம் உண்மையில் பயிற்சிப் பள்ளி என்பது அப்போதுதான் தெரியவந்தது.

கோழிகளில் கிடைத்தது இன்னொரு துப்பு. கோழியின் கழிவுவாய்க்கு அருகில் பர்சா என்ற சிறு பை உண்டு. அதைக் குஞ்சிலேயே அகற்றினால் எதிர்ப்பொருள் சரியாக உருவாவதில்லை என்று அமெரிக்காவில் புரூஸ் கிளிக் 1956-ல் கண்டார். 1965-ல் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும், தைமஸைச் சார்ந்த செல்கள் வேறு, பர்சாவைச் சார்ந்த செல்கள் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் தைமஸின் முதலெழுத்து டி, பர்சாவின் முதலெழுத்து பி. டி செல், பி செல் என்ற பெயர்கள் அப்படி வந்தவை. மனிதருக்குப் பர்சா கிடையாது. நமது பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன.

இரண்டும் வேறு என்றால் ஒன்றுக்கொன்று என்ன உறவு? 1966-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஹென்றி கிளாமன் குழு செய்த சோதனை எளிமையானது. கதிர்வீச்சால் எதிர்ப்பாற்றலை இழந்த சுண்டெலிகளுக்கு ஆட்டின் சிவப்பணுக்களை ஊசியில் செலுத்தி, அவற்றுக்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாகிறதா என்று பார்த்தார்கள். தைமஸ் செல்களை மட்டும் கொடுத்தபோது அதிகம் ஒன்றும் நடக்கவில்லை. மஜ்ஜைச் செல்களை மட்டும் கொடுத்தபோதும் அப்படியே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது எதிர்ப்பொருள் பெருகியது. தனித்தனி விளைவுகளைக் கூட்டினால் வரும் அளவைவிட அது மிக அதிகம். 1968-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மில்லரும் கிரஹாம் மிட்செலும் மிச்சக் கேள்விக்கு விடை கண்டார்கள். எதிர்ப்பொருள் சுரப்பவை மஜ்ஜையிலிருந்து வந்த செல்களே. தைமஸிலிருந்து வந்தவை எதையும் சுரக்கவில்லை. அவை உடனிருந்தால்தான் மற்றவை சுரந்தன. 'துணை' என்ற சொல் பொருத்தமாகத் தோன்றியது அந்த நிலையில்தான்.

தைமஸில் நடக்கும் பயிற்சி கடுமையானது. அங்கு வந்து சேரும் ஒவ்வோர் இளம் செல்லும் தன் மேற்பரப்பில் ஓர் ஏற்பியைப் பொருத்திக்கொள்கிறது. மரபணுத் துண்டுகளைக் கண்டபடி கலைத்துச் சேர்த்து அந்த ஏற்பி உருவாவதால், ஒரு செல்லின் ஏற்பி இன்னொன்றுடையதைப் போல இருப்பது அரிது. உலகில் இன்னும் தோன்றாத கிருமிக்குக்கூடப் பொருந்தும் ஏற்பி எங்கோ ஒரு செல்லில் இருக்கக்கூடும். ஆனால் கண்டபடி சேர்த்ததில் உதவாதவையும் ஆபத்தானவையும் ஏராளம். சொந்த உடலின் அடையாளத்தையே படிக்கத் தெரியாத செல் கைவிடப்பட்டுச் சாகிறது. சொந்தப் புரதத்தோடு மிக இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் செல்லும் பெரும்பாலும் அழிக்கப்படுகிறது. நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்டவை வெளியே வருவதே இல்லை. தேறி வருபவை இரு பிரிவு. சி.டி.8 என்ற புரதத்தைத் தாங்கியவை நோயுற்ற செல்களை நேரடியாகக் கொல்பவை. சி.டி.4 என்ற புரதத்தைத் தாங்கியவற்றில் பெரும்பாலானவை துணை டி செல்கள். எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் 'சி.டி.4 எவ்வளவு?' என்று கேட்பது இவற்றின் எண்ணிக்கையைத்தான்.

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். துணை டி செல் வேலை செய்யும் இடம் அந்த நெறிதான். மருத்துவத்தில் அதற்கு நிணநீர்க் கணு என்று பெயர். கழுத்து, அக்குள், வயிறு, தொடை இடுக்கு என்று உடலெங்கும் இத்தகைய கணுக்கள் 500-க்கு மேல் இருக்கின்றன. திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் இவற்றின் வழியே வடிகட்டப்பட்டு இரத்தத்துக்குத் திரும்புகிறது. கால் புண்ணின் செய்தியைத் தொடை இடுக்குக்குக் கொண்டுவருவது டென்ட்ரைட்டிக் செல். கிளை கிளையாக நீட்டங்கள் கொண்ட இந்தச் செல் தோலிலும் சளிச்சவ்வுகளிலும் காவல் கிடக்கிறது. கிருமியை விழுங்கித் துண்டு துண்டாக வெட்டி, ஒரு சிறு புரதத் துண்டைத் தன் மேற்பரப்பில் உள்ள தட்டு போன்ற மூலக்கூறில் ஏந்திக்கொண்டு கணுவை நோக்கிப் புறப்படுகிறது. 1973-ல் இதை அடையாளம் கண்ட ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு அவர் இறந்துவிட்டிருந்தார். அது தெரியாமலேயே பரிசுக் குழு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது.

அந்தத் தட்டு எச்.எல்.ஏ. குடும்பத்தைச் சேர்ந்தது. சிறுநீரக மாற்று அறுவைக்கு முன் பார்க்கும் எச்.எல்.ஏ. பொருத்தம் இதே மூலக்கூறுகளைப் பற்றியது. துணை டி செல்லால் கிருமியை முழுதாகப் பார்க்க முடியாது. எச்.எல்.ஏ. தட்டில் வைத்து நீட்டப்படும் துண்டை மட்டுமே அது படிக்கும். தட்டு சொந்த உடலுடையதாக இருக்க வேண்டும். அதன்மேல் இருக்கும் துண்டு அந்நியமாக இருக்க வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட கிருமித் துண்டுக்குப் பொருந்தும் ஏற்பியுள்ள செல், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான். அந்த ஒன்றும் டென்ட்ரைட்டிக் செல்லும் சந்திக்க வேண்டும். அதற்காகவே இதுவரை எதையும் சந்தித்திராத துணை டி செல்கள் ஓயாமல் அலைகின்றன. ஒரு கணுவில் நுழைந்து, ஏறத்தாழ ஒரு நாள் தேடிவிட்டு, எதுவும் பொருந்தாவிட்டால் அடுத்த கணுவுக்குப் போகின்றன. பொருந்தியதும் அலைச்சல் நின்று பெருக்கம் தொடங்குகிறது. இன்டர்லூகின்-2 என்ற புரதத்தைத் தானே சுரந்து, அந்தத் தூண்டலில் தானே பிளந்து, ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய், சில நாட்களில் ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. நெறி கட்டி வீங்குவதற்கு ஒரு காரணம் இந்தக் கூட்டம். புதிய கிருமிக்கு எதிராக எதிர்ப்பொருள் எழ ஒரு வாரமளவு பிடிப்பதும் இதனால்தான். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் உட்கொள்ளும் டாக்ரோலிமஸ் மாத்திரை வேலை செய்யும் இடமும் இதுவே. இன்டர்லூகின்-2 உருவாவதை அது தடுக்கிறது.

துண்டு பொருந்தியது மட்டும் போதாது. தைமஸின் வடிகட்டலுக்குத் தப்பிய, சொந்தப் புரதத்தைத் தாக்கக்கூடிய செல்கள் எல்லோர் உடலிலும் கொஞ்சம் இருக்கும். பொருத்தம் ஒன்றே போதும் என்றிருந்தால் அவை எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடும். ஆகவே இரண்டாவது சமிக்ஞை ஒன்று தேவைப்படுகிறது. உண்மையான கிருமியை எதிர்கொண்ட டென்ட்ரைட்டிக் செல் மட்டுமே பி7 என்ற புரதத்தை அதிக அளவில் மேற்பரப்பில் ஏற்றும். துணை டி செல்லின் சி.டி.28 என்ற புரதம் அதைத் தொட்டால்தான் செல் விழிக்கும். இரண்டாவது சமிக்ஞை இல்லாமல் முதல் சமிக்ஞை மட்டும் கிடைத்தால் செல் செயலற்றுப் போகிறது. பின்னால் உண்மையான தூண்டல் வந்தாலும் எளிதில் எழாது. சில தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு சேர்ப்பதன் காரணம் இங்கே விளங்குகிறது. சுத்திகரித்த புரதத்தை மட்டும் ஊசியில் ஏற்றினால் உடல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. அலுமினிய உப்பு ஊசி போட்ட இடத்தில் சிறு கலவரத்தை உண்டாக்கி, டென்ட்ரைட்டிக் செல்களை எழுப்புகிறது. 1920-களில் கண்டறிந்த இந்தக் கைவைத்தியம் ஏன் பலிக்கிறது என்று ஓரளவு புரிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இனி துணை என்பது என்ன என்று பார்க்கலாம். பி செல்லும் அதே கிருமியைத் தன் வழியில் பிடித்து, விழுங்கி, வெட்டி, துண்டை எச்.எல்.ஏ. தட்டில் வைத்து நீட்டுகிறது. அந்தத் துண்டை ஏற்கெனவே அறிந்த துணை டி செல் வந்து படித்து, சரி என்று கண்டால், சி.டி.40 பிணைப்பி என்ற புரதத்தை நீட்டி பி செல்லின் சி.டி.40-ஐத் தொடுகிறது. கையெழுத்து விழுவது அந்தத் தொடுதலில்தான். அதன் பிறகே பி செல் பெருகி, தொடக்க நிலை ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளிலிருந்து ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ. போன்றவற்றுக்கு மாறி, பிடிப்பை நாளுக்கு நாள் கூர்மையாக்கிக்கொள்கிறது.

இந்த ஒரு புரதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, அதைத் தரும் மரபணு பழுதாகப் பிறக்கும் ஆண் குழந்தைகள் சாட்சி. அவர்களுக்கு பி செல்கள் இருக்கும், டி செல்களும் இருக்கும். இரத்தத்தில் ஐ.ஜி.எம். சாதாரண அளவிலோ அதற்கு மேலோ இருக்கும், ஐ.ஜி.ஜி. ஏறக்குறைய இராது. நிமோனியா மீண்டும் மீண்டும் வரும். ஆயுதக் கிடங்கு நிறைந்திருந்தும் திறக்க அனுமதி வராத நிலை அது.

துணை எவ்வளவு அவசியம் என்பதற்கு மிக அழகான சான்று தடுப்பூசி வரலாற்றில் இருக்கிறது. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி, சுருக்கமாக ஹிப், என்ற பாக்டீரியா கைக்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் தருவது. அதன் மேல் சர்க்கரைச் சங்கிலியாலான ஓர் உறை உண்டு. அந்த உறையைப் பிரித்தெடுத்துத் தயாரித்த தடுப்பூசிக்கு அமெரிக்காவில் 1985-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் அது சரியாகப் பலிக்கவில்லை. நோய் அதிகம் தாக்குவதோ அவர்களைத்தான். காரணம் எளிது. எச்.எல்.ஏ. தட்டில் ஏறுவது புரதத் துண்டு. இந்தச் சர்க்கரைச் சங்கிலி அதில் ஏறாது. பி செல் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு நின்றாலும், துணை டி செல்லுக்குக் காட்ட அதனிடம் எதுவும் இல்லை.

தீர்வு அரை நூற்றாண்டுக்கு முன்பே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்தால் அந்தச் சர்க்கரைக்கும் எதிர்ப்பொருள் எழும் என்று ஆஸ்வால்ட் ஏவரியும் வால்டர் கோபலும் 1929-லேயே காட்டியிருந்தார்கள். அதையே பின்பற்றி, ஹிப் உறையை நஞ்சு நீக்கிய டெட்டனஸ் புரதம் போன்ற ஒன்றோடு வேதிமுறையில் பிணைத்தார்கள். இப்போது சர்க்கரையைப் பிடிக்கும் பி செல், அதோடு ஒட்டிய புரதத்தையும் சேர்த்து விழுங்குகிறது. புரதத் துண்டைத் தட்டில் நீட்டுகிறது. டெட்டனஸை அறிந்த துணை டி செல் வந்து ஒப்புதல் கொடுத்துவிட்டுப் போகிறது. பி செல் சுரப்பதோ ஹிப் உறைக்கு எதிரான எதிர்ப்பொருள். ஒரு கிருமியின் பெயரில் வாங்கிய கையெழுத்து இன்னொரு கிருமியை அழிக்கிறது. இந்தியாவின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் வந்து, இன்று 6, 10, 14 வாரங்களில் குழந்தைகளுக்குப் போடப்படும் பென்டாவேலன்ட் ஊசிக்குள் இருக்கும் ஹிப் பகுதி இப்படிப் பிணைக்கப்பட்டதுதான்.

துணை டி செல்கள் எல்லாம் ஒரே வகை உத்தரவு தருபவை அல்ல. 1986-ல் கலிஃபோர்னியாவில் டிம் மாஸ்மனும் ராபர்ட் காஃப்மனும் சுண்டெலிச் செல்களில் இரண்டு பிரிவுகளைக் கண்டார்கள். முதல் பிரிவு இன்டர்ஃபெரான்-காமா என்ற புரதத்தைச் சுரந்து, கிருமியை விழுங்கிய மேக்ரோபேஜ் செல்களை அந்தக் கிருமியைக் கொல்லத் தூண்டுகிறது. காசநோய்க் கிருமி போலச் செல்லுக்குள்ளேயே ஒளிந்து வாழ்பவற்றுக்கு எதிரான படை இது. காசநோய்க்காகக் கையில் போடும் மான்டூ ஊசி, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பது இந்தப் பிரிவின் நினைவுச் செல்கள் அங்கே வந்து கூடுவதால். இரண்டாம் பிரிவு, இன்டர்லூகின்-4, 5, 13 ஆகியவற்றைச் சுரந்து, குடற்புழுக்களை வெளியேற்ற ஏதுவான எதிர்ப்பைக் கிளப்புகிறது. ஈசினோஃபில் அணுக்களும் ஐ.ஜி.இ. எதிர்ப்பொருளும் அதனால் கூடும். புழுவுக்குப் பதில் தூசுக்கும் மகரந்தத்துக்கும் அதே எதிர்ப்பு எழும்போது அது ஒவ்வாமை, ஆஸ்துமா. பின்னாளில் கண்ட மூன்றாம் பிரிவு தோலிலும் சளிச்சவ்விலும் பூஞ்சைகளை அடக்குகிறது. கணுவுக்குள்ளேயே தங்கி பி செல்களுக்கு ஒப்புதல் தரும் செல்கள் தனிப் பிரிவு.

உத்தரவு மாறினால் நோய் எப்படி மாறும் என்று தொழுநோயைப் போலத் தெளிவாகக் காட்டும் நோய் வேறில்லை. கிருமி ஒன்றே. சிலருக்கு உணர்ச்சியற்ற ஒன்றிரண்டு தேமல்கள் மட்டும் தோன்றும். அந்தத் தோலில் கிருமியைத் தேடினாலும் கிடைப்பது அரிது. வேறு சிலருக்கு முகமும் காது மடலும் தடித்து, உடலெங்கும் முடிச்சுகள் எழும். தோலில் கிருமிகள் மொய்த்துக் கிடக்கும். முன்னவர் உடலில் முதல் பிரிவு ஓங்கியிருக்கிறது. பின்னவர் உடலில் இரண்டாம் பிரிவின் பக்கம் தராசு சாய்ந்திருக்கிறது. பின்னவரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏராளமாக உண்டு. ஆனால் கிருமி செல்லுக்குள்ளே இருப்பதால் எதிர்ப்பொருள் அதைத் தொட முடியாது. முதல் பிரிவு வலுத்தால் எல்லாம் நலம் என்றும் சொல்ல முடியாது. சிகிச்சை நடக்கும்போதே சிலருக்கு அந்த எதிர்ப்பு திடீரென்று பெருகி, நரம்புகள் வீங்கி வலிக்கும். உடனே ஸ்டீராய்டு கொடுத்து அடக்காவிட்டால் கையோ காலோ செயலிழக்கும். அங்கே நரம்பைச் சிதைப்பது கிருமியைவிட அதிகமாக உடலின் எதிர்ப்புதான்.

எனவே தடுக்கும் செல்களும் தேவை. 1995-ல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, சி.டி.4 தாங்கிய செல்களிலேயே ஒரு சிறு பிரிவு மற்றவற்றை அடக்கி வைப்பதைக் காட்டினார். 2001-ல் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் அதற்கு வேண்டிய ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டார்கள். அந்த மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே நீரிழிவு, ஓயாத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி எல்லாம் ஒருசேர வருகின்றன. இந்த ஆய்வாளர்கள் மூவருக்கும் 2025-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஒப்புதல் தவறான இடத்தில் விழும் நோய்களில் சீலியாக் ஒன்று. எச்.எல்.ஏ. தட்டில் குறிப்பிட்ட இரு வடிவங்களில் ஒன்றைக் கொண்ட சிலருக்கு, கோதுமையின் குளூட்டன் துண்டு அந்தத் தட்டில் ஏறும்போது துணை டி செல் அதைப் பகையாகப் படித்து, குடலின் உட்சுவர் சேதமாகிறது.

துணை டி செல் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை உலகம் 1981-ல் அறியத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூன் 5 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் என்ற அரிய நிமோனியா வந்ததாக அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் வார அறிக்கை வெளியிட்டது. நல்ல உடல்நிலையில் இருப்பவர்களை அது தாக்குவதில்லை. அவ்வகை நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, துணை டி செல்கள் ஏறக்குறைய காணாமல் போயிருந்தன. டி செல்களைப் பிரிவு பிரிவாக எண்ணும் முறை அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் கைவந்திருந்தது. பத்தாண்டு முன்னதாக இந்த நோய் தலைகாட்டியிருந்தால் எது குறைந்தது என்றே தெரியாமல் மருத்துவர்கள் தவித்திருப்பார்கள். 1983-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் இந்த நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. செல்லுக்குள் நுழைய அது பற்றும் கைப்பிடி சி.டி.4 புரதமே என்று 1984-ல் தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-ல் முதலில் கண்டவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும்.

ஒரு மைக்ரோலிட்டர் இரத்தம் என்பது ஒரு சொட்டில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு. நலமானவரிடம் அதில் சுமார் 500 முதல் 1,500 வரை சி.டி.4 செல்கள் இருக்கும். எச்.ஐ.வி. சிகிச்சையின்றி விடப்பட்டால் ஆண்டுக்காண்டு அது குறைகிறது. 200-க்குக் கீழே இறங்கினால் நியூமோசிஸ்டிஸ் தாக்கலாம். 50-க்குக் கீழே கண் பார்வையைப் பறிக்கும் வைரஸ்கூட எழலாம். காசநோய் மட்டும் எந்த எண்ணிக்கையிலும் வரும். வைரஸுக்கு இரையாவது ஒரு வகைச் செல் என்றாலும் பி செல், மேக்ரோபேஜ், சி.டி.8 என எல்லாமே தடுமாறுகின்றன; ஒப்புதல் தர ஆள் இல்லாததே காரணம்.

இந்தியாவில் 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய அரசு மருத்துவமனைகளில் தாம்பரம் ஒன்று. தொடக்க காலத்தில் சி.டி.4 எண்ணிக்கை 200-க்கு இறங்கக் காத்திருந்து மருந்து கொடுத்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் அந்த வரம்பை 350, 500 என்று படிப்படியாக உயர்த்தி, 2015-ல் எடுத்தேவிட்டது. இந்தியாவிலும் 2017 முதல், தொற்று உறுதியானால் எண்ணிக்கை எதுவாயினும் மருந்து உண்டு. தவறாமல் உட்கொண்டால் வைரஸ் இரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கி, துணை டி செல்கள் மெல்ல மீள்கின்றன.

மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் வைரஸ் திரும்புகிறது. அது ஒளிந்திருக்கும் இடம் துணை டி செல்லின் நினைவுப் பிரிவு. ஒரு தொற்றோ தடுப்பூசியோ முடிந்த பிறகு, பெருகிய செல்களில் பெரும்பாலானவை மடிய, சில மட்டும் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, அதே கிருமி மீண்டும் வந்தால் உடனே எழுகின்றன. சிறுவயதில் போட்ட ஊசி பெரியவரான பின்னும் காப்பதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. எச்.ஐ.வி. தன் மரபணுவை அத்தகைய உறங்கும் செல்லின் மரபணுவுக்குள்ளேயே எழுதிவிடுகிறது. செல் உறங்கும்வரை வைரஸ் எதையும் செய்வதில்லை. அதனால் மருந்துக்கும் பிடிபடுவதில்லை. தடுப்பூசிக்கு நீண்ட ஆயுளைத் தரும் அதே செல்லின் நீண்ட ஆயுள்தான் இங்கே மருந்தை வாழ்நாள் முழுவதும் தொடரச் செய்கிறது.